மேல் ஓரத்து ஏழு மரங்கள்

அமெரியோ வறுத்த கொட்டைகளைத் துணியில் கொட்டினார். நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, குளித்துவந்த பிள்ளையின் தலையைத் துவட்டுவதுபோல் தேய்த்தார். பிறகு மேசைமேல் வைத்து விரித்தார். தெர்சில்லா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

பெரும்பாலான கொட்டைகள் தோல் முழுக்கக் கழன்று, தந்த நிறத்தில், உருண்டை உருண்டையாகக் கிடந்தன. அவற்றின் நடுவே நீளமாகச் சில. அவற்றில் தோல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு சொறி பிடித்ததுபோல் இருந்தது.

"இது என்ன?" அமெரியோ ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். "பாதிச் சட்டையைக் கழட்டிட்டு மீதியோட நிக்குது. வெக்கப்படுதா?"

"பொறுக்கிட்டுத்தான் கொண்டுவந்தேன், சிஞ்ஞோர் அமெரியோ. ஒரு மாசமா மேசையை விட்டு எந்திரிக்கல."

"பொறுக்கினது தெரியுது. விட்டதும் தெரியுது." அதைக் கடித்தார், மென்றார், குப்பைத் தொட்டியில் துப்பினார். "தோல் கசக்கும். அது போகட்டும். என் தொர்ரோனே வெள்ளை மிட்டாய். தேனும் முட்டை வெள்ளைக்கருவும். அதுல கறுப்பா ஏதாச்சும் தெரிஞ்சா ஈ விழுந்திருக்குன்னு திருப்பிக் கொண்டாந்து கொடுப்பாங்க."

தெர்சில்லா நீளக் கொட்டைகளை விரலால் ஓரமாக ஒதுக்கினாள்.  ஹேசல் கொட்டை விளையும் அந்த மலைச்சரிவுகளில் அமெரியோவின் மிட்டாய்ப் பட்டறைக்குக் கொட்டை கொடுப்பது சாதாரண விஷயமில்லை. வருடத்துக்கு ஒரே ஒரு மேட்டின் விளைச்சலைத்தான் அவர் எடுப்பார். எடுத்தால் அந்த மேட்டின் பெயரை டப்பாவில் அச்சடிப்பார்.

"உன் உருண்டைக்கு நிகரே இல்ல" என்றார் அமெரியோ, கொஞ்சம் இறங்கிவந்து. "நிஜமாச் சொல்றேன். அந்த நீளச் சனியன் இல்லாம அடுத்த வருஷம் கொண்டா. முழுசும் எடுத்துக்கறேன். டப்பாவுல உன் மேட்டுப் பேரை, லோடோலா மேடுன்னு போடறேன்."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அவள் அண்ணன் எவாசியோ, பற்றவைக்காத சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். "உருண்டையா இருந்தா என்ன, நீளமா இருந்தா என்ன? எப்படியும் பல்லுலதான் ஒட்டிக்கப் போகுது."

"முப்பது வருஷம் ஃபாக்டரியில ராத்திரி ஷிப்டு பாத்து இதே கொட்டையை வறுத்தவன் பேசற பேச்சாப்பா இது?" என்றார் அமெரியோ.

"வறுத்தவன்தானே பேசணும். தின்னவனுக்கு என்ன தெரியும்?"

திரும்பும்போது எவாசியோ வண்டியை மெதுவாக ஓட்டினான். இடுப்பெலும்பு தேய்ந்துபோனவன். இருக்கையில் ஒரு தலையணை போட்டுத்தான் உட்காருவான். மேடு அண்ணன் தங்கை இருவர் பெயரிலும் இருந்தது. எதிர்ப்புறத்து இரண்டு மேடுகளை வாங்கிப்போட்ட கம்பெனி இதையும் கேட்டுக்கொண்டிருந்தது, வீட்டோடு சேர்த்து. எவாசியோ ஆல்பா நகரத்தில் மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டான். அந்த வீட்டைப் பற்றி அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: லிஃப்ட் இருக்கிறது.

தெர்சில்லா கல்யாணம் செய்துகொள்ளாதவள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சரிவைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. வேறு எதையும் அவள் கேட்டதும் கிடையாது.

"ஒரு அறுவடை" என்றான் எவாசியோ, சாலையைப் பார்த்தபடி. "அமெரியோ எடுத்துக்கிட்டா விக்கற பேச்சையே எடுக்க மாட்டேன். சாகற வரைக்கும் இந்தச் சரிவுல நொண்டிக்கிட்டுக் கிடக்கறேன். எடுத்துக்கலேன்னா நீ கையெழுத்துப் போடணும்."

"போடறேன்."

"அப்புறம் அழக்கூடாது."

"நான் எப்ப அழுதேன்?"

அவன் யோசித்தான். "அதுவும் சரிதான்."

நீளக் கொட்டை காய்க்கும் மரங்கள் மொத்தம் ஏழு. தோப்பின் மேல் ஓரத்தில், மேட்டின் உச்சியை ஒட்டி வரிசையாக நின்றன. அப்பா நட்டது. ஹேசல் கொட்டையை யாரும் மரத்திலிருந்து பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழவேண்டும், பிறகுதான் தரையிலிருந்து கூட்டி அள்ளுவார்கள். சரிவோ செங்குத்து. மேலே விழுந்த நீளக் கொட்டைகள் உருண்டு உருண்டு கீழே வந்து நல்ல கொட்டைகளோடு கலந்துவிடும். உறிஞ்சும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஓட்டோடு இருக்கும்போது பொடி நீளக் கொட்டைக்கும் உருண்டைக்கும் வித்தியாசம் காண்பதற்குள் கண் அவிந்துவிடும்.

'அதுங்க மேல கை வெக்காதே' என்று அப்பா சொல்லியிருந்தார். காரணம் சொல்லவில்லை. எதற்குமே காரணம் சொல்லாத மனிதர். ஆனால் காரணம் அவளுக்குத் தெரியும், அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். உருண்டை இனத்தின் மகரந்தம் உருண்டை இனத்துக்கே பிடிக்காது. வேறொரு இனத்தின் மகரந்தத் தூள் காற்றில் வந்து விழுந்தால்தான் காய்க்கும். அதுவும் நடுக்குளிர்காலத்தில், இலை ஒன்றுகூட இல்லாதபோது.

அதற்குத்தான் கீழே ஓடைக்கரைக் காடு இருக்கிறதே என்று அவள் நினைத்தாள். காடு நிறையக் காட்டு ஹேசல். பகலில் காற்று ஓடையிலிருந்து மேடேறும். அந்தக் காட்டுக் கொட்டை ஒன்றுகூட மேலே உருண்டு வரப்போவதில்லை. தூள் மட்டும் வரும், கொட்டை வராது. இதைவிட என்ன வேண்டும்?

கணக்கில் தப்பில்லை. காடு மட்டும் அவளுடையதில்லை. பாகம் பிரித்தபோது ஓடைக்கரைக் காடு எவாசியோவுக்குப் போயிருந்தது.

நவம்பரில் எவாசியோ இடுப்பு வைத்தியத்துக்காக ஆல்பாவில் மகள் வீட்டுக்குப் போனான். அவனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் 'வேண்டாம்' என்றாலும் அவளுக்குப் பிடிக்காது, 'செய்' என்றாலும் பிடிக்காது. பக்கத்துத் தோப்புக்கார செவெரினோவைக் கூப்பிட்டாள். அவனிடம் குட்டி பொக்லைன் ஒன்று இருந்தது.

"ரம்பம் போதுமே, தெர்சி. அடியோட அறுத்துட்டுப் போயிடலாம். எதுக்கு இந்த யானை?"

"அறுத்தா மறுபடி தழைக்கும்."

"தழைச்சா என்ன? குச்சி ஒடிச்சு ஆட்டை மேய்க்க ஆகும்."

"எனக்கு ஆடு இல்ல. வேரோட எடு."

செவெரினோ தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஏழு மரங்களையும் ஒருமுறை பார்த்தான். "காய்ப்புக்கு?"

"கீழ காடு இருக்கு."

"அது இருக்கு" என்று ஒப்புக்கொண்டான். இயந்திரத்தைக் கிளப்பினான்.

அரைகுறை வேலை தெர்சில்லாவுக்கு ஆகாது. வேர்களைப் பிடுங்கினாள், எரித்தாள், குழிகளை மூடி மண்ணை மிதித்துவிட்டாள். மாலையில் கீழிருந்து பார்த்தபோது மேட்டின் விளிம்பு புதிதாகச் சவரம் செய்த முகவாய்போல் இருந்தது. அன்று அவள் வயிறார மக்காச்சோளக் களி தின்றாள்.

எவாசியோ திரும்பி வந்தபோது டிசம்பர். மூடுபனி. சமையலறை ஜன்னலிலிருந்து கொல்லைக் கிணறே தெரியவில்லை, மேட்டின் உச்சி எங்கே தெரியும்? அந்த இடுப்போடு அவன் மேலே ஏறவும் போவதில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜனவரியில் புனித அந்தோனியார் நாளன்று பாதிரியார் டிராக்டர்களுக்குத் தீர்த்தம் தெளித்தார். தெர்சில்லாவும் தன் டிராக்டரை வரிசையில் நிறுத்தி, நெற்றியில் நாலு சொட்டு தானும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வளைவில் வரும்போது அவளுடைய டிராக்டர் சத்தத்தையும் மீறி இன்னொரு சத்தம் கேட்டது. எஞ்சினை நிறுத்தினாள். ரம்பம். ஒன்றல்ல, பல.

வண்டியைப் பாதையிலேயே விட்டுவிட்டு ஓடைக்கு இறங்கினாள். வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தாள். காட்டில் பாதி லாரியில் ஏறியிருந்தது, மீதி சேற்றில் கிடந்தது. காட்டு ஹேசலின் பூவால்கள், வால்போல் தொங்கித் தூள் விடும் ஆண்பூக்கள், இன்னும் விரியாமல் மஞ்சள் புழுக்களைப்போல் சேறு முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஆட்கள் அவற்றை மிதித்துக்கொண்டு நடந்தார்கள்.

"யார் சொல்லி வெட்டறீங்க?" என்று கத்தினாள்.

காதடைப்பைக் கழற்றிய ஒருவன் நிதானமாகச் சொன்னான். "காட்டுக்காரர்தான். மேல வீட்டுல இருக்காரே, நொண்டிக்கிட்டு. விறகுக்கு வித்துட்டாரு. உங்களுக்குச் சொல்லலியா?"

எவாசியோ சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். அவள் முழங்காலில் சேறும் ரத்தமும் பார்த்துக் கத்தியை நிறுத்தினான்.

"காட்டை வித்தியா?"

"விறகைத்தான் வித்தேன். மண்ணு அங்கதான் இருக்கு. என் காடுதானே?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லுவ? 'தொடாத'ன்னு சொல்லுவ. நீ எதைத் தொட விட்டிருக்க இந்த வீட்டுல?" அவன் மறுபடி பூண்டை எடுத்தான். "இப்ப என்ன கொள்ளை போச்சு? காய்ப்புக்குன்னு யோசிக்காம இருப்பேனா? அதுக்குத்தான் மேல ஏழு மரம் நிக்குதே."

அவள் நாற்காலியை இழுத்தாள். உட்காரவில்லை.

"என்ன?" என்றான் எவாசியோ. பிறகு மெதுவாக, "தெர்சி, என்ன?" என்றான்.

"இல்ல."

"எது இல்ல?"

"ஏழும் இல்ல. நவம்பர்ல எடுத்துட்டேன்."

"அறுத்துட்டியா? தழைக்குமே."

"வேரோட."

அவன் கத்தியைப் பலகைமேல் வைத்தான். அடுப்பில் நெத்திலி எண்ணெயில் கரைந்து, கருகி, புகைந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் எடுத்து இறக்கவில்லை.

"நல்லதுதானே உனக்கு" என்றாள் கடைசியில். "லிஃப்டுல ஏறிப் போகலாம்."

"விக்கணும்னுதான் இருந்தேன்" என்றான். "விளையாம அடிச்சு விக்கணும்னு இல்ல."

மறுநாள் விடிந்ததும் எவாசியோ ஊர் மதுக்கடைக்குப் போய் இரண்டு சாக்கு நிறையக் காலி பிளாஸ்டிக் பாட்டில் வாங்கிவந்தான். முற்றத்தில் ஒற்றை ஹேசல் மரம் வைத்திருப்பவர்கள் செய்கிற வேலை அது. வேறெங்காவது பூவால் தொங்கும் கிளையை வெட்டிவந்து, தண்ணீர் பாட்டிலில் செருகி, மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பூவால் தண்ணீரைக் குடித்து விரிந்து தூள் விடும். ஒரு மரத்துக்குச் செய்யலாம். ஒரு மேட்டுக்கு யாரும் செய்ததில்லை.

மலைமுகட்டைத் தாண்டிப் போனால்தான் காட்டு ஹேசல். இந்தப் பக்கம் எல்லோரும் உருண்டையே நட்டுத் தொலைத்திருந்தார்கள். எவாசியோ வண்டியோட்டினான், அவள் சாலையோரத்தில் இறங்கி இறங்கி வெட்டினாள். பின்னிருக்கை நிறையக் கிளை. அவன் தலையணைமேல் உட்கார்ந்து முனகிக்கொண்டே பாட்டில் கழுத்துகளில் கயிறு கட்டினான். அவள் சரிவில் ஏறி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள்.

செவெரினோ வேலியோரம் வந்து நின்றான். "என்ன தெர்சி, மரத்துக்கெல்லாம் குளுக்கோஸ் ஏத்தறியா? காய்ச்சலா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கீழிருந்து எவாசியோ கத்தினான். "உனக்கும் ஒண்ணு ஏத்தட்டுமா? எங்க குத்தணும்னு எனக்குத் தெரியும்!"

"கோவிச்சுக்காதப்பா. ஏணி வேணுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"வேணும்" என்றாள் தெர்சில்லா.

செவெரினோ ஏணி கொண்டுவந்தான். ஆனால் பாட்டில் கட்டிய மறுநாளே தூறல் பிடித்தது. விட்டால் மூடுபனி, அது விலகினால் மறுபடி தூறல். நனைந்த தூள் பறக்காது. அந்தக் கிளைகள் அழுகியதும் அவர்கள் வேறு கிளைகள் கொண்டுவந்தார்கள். அவையும் ஊறிப் பழுப்பாகி, தொட்டால் விரலில் கஞ்சியாக ஒட்டின. உருண்டை மரங்களின் மொட்டு நுனிகளில் பெண்பூக்கள் சிவப்பு நூல்களை நீட்டிக்கொண்டு காத்திருந்தன. கிட்டப்போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும் அவ்வளவு சிறிய நூல். அவள் தினமும் கிட்டப்போய்ப் பார்த்தாள்.

ஒரே ஒரு பிற்பகல் காய்ந்தது. வெயில் என்று சொல்லமுடியாது, ஒரு வெளுப்பு. ஒரு கிளையை விரலால் சுண்டினாள். புகைபோல் மஞ்சள் தூள் எழும்பியது. எவாசியோ கீழிருந்து, "வருதா? வருதா?" என்று கேட்டான். அன்று பார்த்துக் காற்று மேட்டிலிருந்து கீழ்நோக்கி அடித்தது. தூள் அவளைத் தாண்டி, அவனையும் தாண்டி, சாலைப் பக்கம் போயிற்று. அங்கே ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது, மரம் இல்லை. சாயங்காலம் மறுபடி மழை.

மே மாதம் இலை அடர்ந்தது. அப்படியொரு இலையை அந்தத் தோப்பு கண்டதில்லை. காய்க்கிற வேலை இல்லாத மரம் இலையாகக் கொட்டித் தீர்த்தது. அந்த வழியாகப் போனவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். தெர்சில்லா கிளைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கொத்துக் கொத்தாக இருக்கவேண்டிய இடத்தில் காம்பு மட்டும் இருந்தது. அங்கொன்று இங்கொன்றாகப் பச்சை முக்காடு போட்ட காய். ஜூன் மாதம் அவற்றிலும் பாதி உதிர்ந்தது.

கீழ்ச்சரிவில் இருந்த செவெரினோவின் தோப்பிலும் விளைச்சல் குறைவு. அவன் தோப்புக்கும் அதே காடுதான் தூள் அனுப்பிக்கொண்டிருந்தது, அதே ஏழு மரங்களும்தான். அவன் வந்து ஏணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வேலிப் பக்கம் வரவேயில்லை.

ஆகஸ்டில், புனித ரோக்கோ திருவிழா முடிந்ததும் அறுவடை. உறிஞ்சும் இயந்திரத்தை அவள் கொட்டகையை விட்டு எடுக்கக்கூட இல்லை. குனிந்து கையால் பொறுக்கினாள். பொறுக்கியதைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினாள். பருப்பில்லாதது மிதக்கும். பெரும்பாலும் மிதந்தது. மூழ்கியதை அள்ளி வெயிலில் காயவைத்தபோது ஒரு கூடை தேறியது, முகடு தட்டாத ஒரு கூடை.

"இதையா கொண்டுபோகப் போற?" என்றான் எவாசியோ.

"கொண்டாரேன்னு சொல்லியிருக்கேன்."

அமெரியோ கூடையைப் பார்த்ததும் மாதிரிக்காகக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஒரு கைப்பிடி உடைத்து வறுத்தார். வாசனை எழும்பியபோதே அவர் பேச்சை நிறுத்திவிட்டார். துணியில் கொட்டினார், தேய்த்தார், விரித்தார்.

ஒரு திட்டு இல்லை. ஒரு நீளம் இல்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வெள்ளையாக, உருண்டையாகக் கிடந்தன. தோல் எல்லாம் துணியின் ஓரத்தில் தவிடாகக் குவிந்திருந்தது. அமெரியோ ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"மாதாவே" என்றார். "இதைத்தான்மா நான் கேட்டேன். இத்தனை வருஷமா இதைத்தான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன். மீதி வண்டியில இருக்கா?"

"இல்ல."

"அப்ப எப்ப கொண்டுவர்ற?"

"இவ்வளவுதான், சிஞ்ஞோர் அமெரியோ."

அவர் எவாசியோவைப் பார்த்தார். எவாசியோ தரையைப் பார்த்தான். தெர்சில்லா நடந்ததைச் சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல். ஏழு மரம், காடு, பாட்டில், மழை.  அவள் முடித்ததும் அமெரியோ, "நான்தானே அதை எடுக்கச் சொன்னேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"நீங்க கொட்டையைச் சொன்னீங்க. மரத்தை எடுத்தது நான்."

"ஒரு சட்டிக்குக்கூட வராதேம்மா இது." கூடையைக் கையால் அளைந்தார். "எடுத்துக்கறேன். வீட்டுக்கு. பொண்டாட்டி கேக் செய்வா."

சாலையில் வெகுதூரம் வந்த பிறகு எவாசியோ தொண்டையைச் செருமினான்.

"எடுத்துக்கிட்டாருல்ல."

"என்னது?"

"அமெரியோ எடுத்துக்கிட்டா விக்கற பேச்சே கிடையாதுன்னு சொன்னேன். எடுத்துக்கிட்டாரு."

"கேக்குக்கு எடுத்துக்கிட்டாரு."

"கேக்குக்கோ கருமாதிக்கோ. எடுத்தாரா இல்லையா? பேச்சுன்னா பேச்சு."

தெர்சில்லா அவனைத் திரும்பிப் பார்த்தாள். தலையணை ஒருபக்கமாக நழுவியிருந்தது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அவன் உதடு இறுகியது. அந்த உதட்டோடுதான் குளிர்காலம் முழுக்க அவன் பாட்டில்களுக்குக் கயிறு கட்டினான்.

"இப்ப நட்டா தூள் விட அஞ்சாறு வருஷம் ஆகும்" என்றாள்.

"ஆகட்டும்."

"காடு தழைக்கவும் அவ்வளவு ஆகும். அதுவரைக்கும் இலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"உக்காந்திருப்போம்."

"உன்னால உக்காரவே முடியலியே."

"என் இடுப்பைப் பத்தி உன்னைக் கேட்டேனா?"

"கேக்கல. நீ எதைத்தான் என்னைக் கேட்ட, நான் எதைத்தான் உன்னைக் கேட்டேன்." அவள் முகத்தைத் திருப்பிச் சாலையைப் பார்த்தாள். "இரக்கப்பட்டு நீ கொடுக்கறதை நான் வாங்கிக்க மாட்டேன். கம்பெனிக்காரனை வரச் சொல்லு."

அவன் மறுத்துச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். ஒரு வளைவு போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவன் சொல்லவில்லை.

கம்பெனிக்காரன் செப்டம்பரில் வந்தான். நாகரிகமான ஆள். ரப்பர் பூட்ஸ் கூடவே கொண்டுவந்திருந்தான். சமையலறை மேசையில் கையெழுத்து ஆனது. பிறகு தோப்பைச் சுற்றிப்பார்க்க வேண்டும் என்றான். எவாசியோ வாசலில் நின்றுகொண்டான், தெர்சில்லா கம்பெனிக்காரனோடு ஏறினாள். அந்த ஆள் இலைகளைப் பார்த்தான், மண்ணை உதைத்துப் பார்த்தான், திருப்தியாகத் தலையாட்டினான். பிறகு நின்றான்.

மரத்துக்கு மரம் பாட்டில்கள் தொங்கின. அவிழ்க்கவேண்டும் என்று அவளுக்கு ஏனோ தோன்றியிருக்கவில்லை. சிலவற்றில் இன்னும் குச்சி இருந்தது. தண்ணீர் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது.

"இதெல்லாம் என்னம்மா?"

தெர்சில்லா கையருகே இருந்த ஒரு பாட்டிலைப் பார்த்தாள்.

"குருவி விரட்ட" என்றாள்.

"ஓ. வேலை செஞ்சுதா?"

"இல்ல."

அவன் சிரித்துவிட்டு மேலே நடந்தான். அவள் அங்கேயே நின்று, ஒரு பாட்டிலின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். மழையில் ஊறிக் காய்ந்த கயிறு. எவாசியோ போட்ட முடிச்சு. நகம் பெயர்ந்தது, முடிச்சு அசையவில்லை. விட்டுவிட்டு இறங்கிவந்தாள்.